பின்சீட்டுப் பேச்சு

மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இருபத்தெட்டு வருஷமாக டாக்சி போட்டுக்கொண்டிருந்த பிரம்மநாயகத்துக்கு, தொழிலை மாற்றியே தீரவேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தோன்றியது.

ஆப் வண்டிகள் வந்த நாளிலிருந்து வருமானம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. வரிசையாக நிற்கும் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே ஜனங்கள் போனில் வேறு டாக்சியைக் கூப்பிடுவதும் பழகிப்போயிருந்தது. ஆனால் அன்று வந்த ஒரு அம்மாள் தன் இரண்டு பைகளையும் இவருடைய பானெட்டின் மேல் வைத்தாள். கதவில் சாய்ந்துகொண்டு போனைத் தடவினாள். பிரம்மநாயகம் ஆசையோடு மீட்டர் பக்கம் கையைக் கொண்டுபோனார். அவள் ஜன்னல் வழியே குனிந்து, "பையா, காடி ஜரா பீச்சே லோ நா" என்றாள். அவளுடைய வண்டி வருகிறதாம். அது நிற்க இடம் வேண்டுமாம்.

பிரம்மநாயகம் வண்டியைப் பின்னால் எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். இறங்கிப் போய் அந்த இரண்டு பைகளையும் தூக்கி ஆப் வண்டியின் டிக்கியில் வேறு வைத்தார். கை பழகிவிட்டது, என்ன செய்ய?

பக்கத்து வண்டி வேல்ராஜ் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அப்படியே கண்ணாடியத் தொடச்சு விட்டுட்டு வாரும்" என்றான்.

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி ரூம் அவர்களுக்கு. மனைவி முருகம்மாள் ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்த்து நூல் வெட்டுகிறவள். கோணல் தையல் எதுவும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. புருஷன் சொன்னதைக் கேட்டதும் ஆறுதல் சொல்லாமல் நேராக வேலைக்கு வந்தாள்.

"செக்யூரிட்டி வேலைக்குப் போறியளா?"

போய்ப் பார்த்தார். செம்பூரில் முப்பது மாடிக் கட்டடம் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடவேண்டும். கார் வரும்போதெல்லாம் அவருடைய இடது கால் தானாகத் தரையில் கிளச்சை மிதித்தது. சாயங்காலம் ஆவதற்குள் உள்ளே வந்த எட்டு டிரைவர்களுக்கு, 'அந்தப் பக்கம் போகாத, அங்க ரோடு தோண்டியிருக்கான்' என்று வழி சொல்லிக்கொடுத்து, கேட்டில் வண்டிகள் சேர்ந்து, சொசைட்டி செக்ரட்டரி இறங்கி வந்து கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

"இட்லிக் கடை?" என்றாள் முருகம்மாள்.

"யாரு திங்கதுக்கு?"

"அதுவும் சரிதான். நீங்களே தின்னு முடிச்சிருவிய." அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே யோசித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊரு வம்புதான். யாரு வீட்டுல பொண்ணு இருக்கு, யாரு மருமகள வெரட்டினா, யாரு பையனுக்கு வேலை போச்சு... எல்லாத்தையும் பின்சீட்டுலருந்து கேட்டுட்டு வந்து எங்கிட்ட ஒப்பிக்கிறிய. இதுக்கு ஒரு வேலை இருந்தா நீங்கதான் மேனேஜர்."

"இருக்கே!" பிரம்மநாயகத்தின் கை சோற்றிலேயே நின்றது. "கல்யாணத் தரகர்!"

முருகம்மாள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிப் போயிருக்கிறார்! அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பேச்சு நடக்கும். திரும்பி வரும்போது வண்டியில் வேறொரு பேச்சு நடக்கும். தரகர்களுக்கெல்லாம் கூடத்துப் பேச்சு மட்டும்தான் கிடைக்கும். உண்மை முழுக்க டாக்சியில் வந்து கொட்டும். இரண்டையும் கேட்கிற தரகர் பம்பாயில் எவன் இருக்கிறான்?

முதல் வரன் ஒரு வாரத்திலேயே வந்தது. தாணேயில் முருகம்மாளுக்கு ஒருவழியில் சொந்தமான, ஆனால் பிரம்மநாயகத்தை நேரில் பார்த்திராத சண்முகவடிவு, தன் மகன் பேச்சிராஜாவுக்கு மூன்று வருஷமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். பையன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வயசு. பேச்சு குறைவு. செம்பூரில் பிரம்மநாயகத்தின் பழைய சவாரிக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், மகள் மாரிசெல்விக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அவள் சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். ஜாதகங்களைப் பிரம்மநாயகம் மாட்டுங்காவில் ஒரு ஜோசியரிடம் காட்டினார். பொருத்தம் நன்றாக இருந்தது.

ஒரு சிக்கல், சட்டையில் வந்தது. வண்டி வேறொருவருடையது. வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன் காக்கி போடவேண்டும். தரகர் காக்கியில் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? முருகம்மாள் கம்பெனியிலிருந்து காலர் விறைப்பாக நிற்கும் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த ஞாயிறு, தாணேயில் சண்முகவடிவையும், பேச்சிராஜாவின் அத்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். பையன் முன்னால் உட்கார்ந்தான். தரகர் நேராகச் செம்பூருக்கே வந்துவிடுவார் என்று அவர்களுக்குப் போனில் சொல்லியிருந்தார். செம்பூரில் அவர்களை முன்னால் ஏறவிட்டு, மாடிப்படித் திருப்பத்தில் காக்கியைக் கழற்றி வெள்ளையை மாட்டினார். கதவு திறந்தபோது நெற்றியில் திருநீறும் கையில் வெற்றிலைத் தட்டுமாக நின்றவரைப் பார்த்து, பெண்ணின் அப்பா, "வாங்க வாங்க, தரகரய்யா" என்றார். ஒரு சட்டை மாற்றியதற்கே இத்தனை மரியாதையா என்று பிரம்மநாயகத்துக்குப் புல்லரித்தது.

மாரிசெல்வி தலை குனியவில்லை. நேராக வந்து உட்கார்ந்து, பேச்சிராஜாவைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட். லிஃப்டு கயிறு அறுந்தா நெஜம்மாவே கீழ விழுந்துருமா?"

பேச்சிராஜா நிமிர்ந்தான். டீப்பாயில் இருந்த தம்ளரை எடுத்து நடுவில் வைத்தான்.

"இது லிஃப்டு. மேல ஒரு கயிறு இல்ல, அஞ்சாறு கயிறு இருக்கும். ஒண்ணு போனா மத்தது தாங்கும். எல்லாம் போனாலும், ஸ்பீடு கூடினவுடனே கீழ உள்ள பிரேக்கு தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சிரும். எங்கயும் விழாது. சும்மா பயமுறுத்துவாங்க."

"அப்ப அந்தரத்துல தொங்கணும்."

"நாங்க வந்து எறக்கற வரைக்கும்."

"நீங்க வர எவ்வளவு நேரமாகும்?"

"டிராஃபிக்கப் பொறுத்து."

மாரிசெல்வி சிரித்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. பேச்சிராஜாவும் சிரித்தான், அவன் சிரிப்பு உதட்டோடு நின்றது, ஆனால் நின்றது நெடுநேரம். பிரம்மநாயகம் சந்தோஷத்தில் கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புறப்படும்போது சண்முகவடிவு பெண்ணின் கன்னத்தைத் தடவி, "ரொம்ப சந்தோஷம் தாயி. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றாள்.

அவர்களுக்கு முன்னால் இறங்கி, படித்திருப்பத்தில் அவர் மறுபடியும் காக்கிக்கு மாறினார். ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்த மறுகணமே காணாமல் போனார். அது அவர் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் இவ்வளவு சுத்தமாகக் காணாமல் போவோம் என்று நினைக்கவில்லை.

"சிரிப்பா அது?" என்றாள் சண்முகவடிவு, வண்டி ஹைவேயில் ஏறியதும். "முலுண்டு வரைக்கும் கேக்கும்."

"கேசரில சீனியே இல்ல மைனி" என்றாள் அத்தை.

"காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவாளாம். நாந்தான் சமைச்சுப் போடணும் போல. இதுல இவன்கிட்ட கேள்வி வேற கேக்கா, இன்டர்வியூ மாதிரி."

"அப்ப என்ன சொல்லப் போறிய?"

"ஜாதகம் சரியில்லன்னு சொல்லிருவோம்."

"அந்தத் தரகரு பாவம், நல்ல பொருத்தம்னு சொன்னாரே."

"அந்த ஆளா? ஆளு பாக்க டீசன்டாத்தான் இருக்காரு. ஆனா கவனிச்சியா, மூணு கேசரி தின்னாரு. போற எடத்துல இப்படியா அள்ளிப்போடுவாக?"

பிரம்மநாயகத்தின் காது சுட்டது. இரண்டுதான் தின்றிருந்தார். மூன்றாவதை எடுத்து, யாரோ பார்ப்பதுபோல இருக்கவே திரும்ப வைத்துவிட்டார். அதைத் திரும்பிச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் காக்கிக்கு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. பின்னால் கொலையே நடந்தாலும் முன்னால் ரோட்டைத்தான் பார்க்கவேண்டும். பக்கத்தில் பேச்சிராஜா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான் மெதுவாக.

"என்னல சொன்ன?" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"கண்ணாடிய ஏத்தச் சொன்னேன்."

பிரம்மநாயகம் கண்ணாடியை ஏற்றினார்.

மறுநாள் காலை சண்முகவடிவின் போன் வந்தது. ஜாதகம் சரியில்லையாம், ஒரு தோஷமாம். பிரம்மநாயகம் 'சரிம்மா' என்று சொல்லி, செம்பூருக்கும் அதையே சொன்னார். ஜாதகத்தை அவரே காட்டிப் பொருத்தம் கேட்டிருந்ததால், அந்தப் பொய்யைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

போனை எடுத்த மாரிசெல்விக்கு அந்தத் தடுமாற்றம் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டாண்டில் அவர் வண்டிக் கதவு திறந்தது. மாரிசெல்வி பின்னால் ஏறி உட்கார்ந்து, "செம்பூர் போங்க அங்கிள்" என்றாள். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"திரும்பிப் போறப்ப அவங்க வண்டில என்ன பேசினாங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது தாயி. பின்சீட்டுல பேசினது வண்டிய விட்டு எறங்காது. இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான்." முருகம்மாளிடம் மட்டும் இறங்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

"அது டிரைவர். தரகர் உண்மையச் சொல்லணும்ல? நீங்க இப்ப யாரு?"

"காக்கி போட்டிருக்கேன்லா. டிரைவர்தான்."

"அப்ப வெள்ளைய மாட்டுங்க. மேலேயே மாட்டுங்க, பரவால்ல. நான் வெய்ட் பண்றேன்."

பிரம்மநாயகம் கண்ணாடியில் பார்த்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. சயான் சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு வினாடி. கிளவ் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, காக்கிக்கு மேலேயே ஒரு கையை நுழைத்தார். அதற்குள் பச்சை வந்துவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். பாதி வெள்ளையும் பாதி காக்கியுமாக வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு, முலுண்டு, இன்டர்வியூ, கேசரி.

மாரிசெல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேசரி நான் செய்யல. அப்பா செஞ்சது. அவருக்கு சுகர், அதான் சீனி போட மாட்டார்." பிறகு கொஞ்சம் நிதானமாகக் கேட்டாள். "அவர் என்ன சொன்னார்?"

"கண்ணாடிய ஏத்தச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு முன்னால, 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னாரு. எனக்குத்தான் கேட்டுது. அவங்கம்மாவுக்குக் கேக்கல."

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "அவர் நம்பர் குடுங்க" என்றாள்.

"அது மொறையில்ல தாயி."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு கேக்கணும் அங்கிள். எமர்ஜென்சி."

அவர் கொடுத்துவிட்டார். அன்று வீட்டில் முருகம்மாள், "தரகர் வேலையில ஒங்களுக்கு முதல் வேலையே பொண்ணுக்குத் திருட்டுத்தனமா நம்பர் குடுக்கதா? வெளங்கிரும்" என்றாள். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும், 'பேசினாகளா, என்னாச்சு?' என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

ஒரு மாதம் போல ஓடியது. சண்முகவடிவு மறுபடி கூப்பிட்டாள். கோபர்கைரனேயில் ஒரு பெண் இருக்கிறதாம், பெண்வீட்டாரிடம் அவளே பேசிவிட்டாளாம், தரகர் அங்கே வந்து நின்றால் மட்டும் போதுமாம். பிரம்மநாயகம் பேச்சிராஜாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா" என்றான் அவன். ஐம்பது மாடி உயரத்தில் தொங்கி வேலை பார்க்கிறவனுக்கு அம்மாவிடம் மட்டும் பயம்.

கோபர்கைரனேக்குப் போகும் வழியில், ஐரோலி தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பேரும் வழக்கம்போல அவரை மறந்திருந்தார்கள்.

"ஒரு மாசமா இவனுக்கு என்னமோ ஆயிருக்கு" என்றாள் சண்முகவடிவு, முன்னால் மகன் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்து மறந்தவள் போல. "பாத்ரூமுல போன வச்சுக்கிட்டுச் சிரிக்கான். சத்தம் போட்டுச் சிரிக்கான்."

"நல்லதுதான மைனி?"

"நல்லதுதான். இவங்க அப்பா போனதுக்கப்புறம் இவன் இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. எவளோ ஒருத்தி சிரிக்க வைக்கா. எவளாயிருந்தாலும் வந்து எங்கிட்டச் சொல்லித் தொலைக்கலாம்ல? நான் என்ன கடிச்சா திம்பேன்?" அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஊரு ஊரா கூட்டிட்டு அலையுதேன் பாவி."

பிரம்மநாயகம் பேச்சிராஜாவைப் பார்த்தார். 'சொல்லுல, இப்பச் சொல்லு' என்று புருவத்தால் சொன்னார். அவன் கண்ணாடியை இறக்கி மறுபடி ஏற்றினான்.

ஒரு டீக்கடை ஓரமாக பிரம்மநாயகம் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கிளவ் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, இந்த முறை அவசரமில்லாமல் இரண்டு கையையும் நுழைத்து, பட்டனெல்லாம் போட்டு, காலரை நிமிர்த்தி, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் பின்னால் திரும்பினார்.

"அம்மா, தரகர் பேசுதேன். செம்பூர் பொண்ணு மாரிசெல்விதான் அது. நான்தான் நம்பர் குடுத்தேன். ஜாதகமும் சரியாத்தான் இருக்கு. பேசணும்னா என்னைப் பேசுங்க, தம்பிய ஒண்ணும் சொல்லாதிய."

சண்முகவடிவு அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று அவளுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

"அப்போ... அன்னிக்குத் திரும்பி வரும்போதும் நீங்கதான் ஓட்டினிய?"

"ஆமாம்மா."

"நாங்க பேசினதெல்லாம்..."

"ரெண்டு கேசரிதாம்மா. மூணாவதத் திருப்பி வச்சிட்டேன்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சண்முகவடிவு அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மகன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னல?"

"சொன்னேம்மா" என்றான் பேச்சிராஜா. "உனக்குக் கேக்கல."

"சத்தமாச் சொல்லு."

"எனக்கு அவளப் பிடிச்சிருக்கு!"

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் சண்முகவடிவு. பிறகுதான் கோபர்கைரனேக்காரர்கள் காத்திருப்பது நினைவு வந்து, போனை எடுத்தாள். "ஜாதகம் சரியில்லன்னு..."

"போன எங்கிட்டக் குடுங்கம்மா" என்றார் பிரம்மநாயகம்.

அவர் இறங்கி, டீக்கடை நிழலில் நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னார். பையன் மனசு வேறு இடத்தில் இருக்கிறது, தப்பு எங்கள் பேரில், மன்னிக்கவேண்டும். கோபர்கைரனேக்காரர் பிடித்துக்கொண்டார். பஜ்ஜி போட்டு வைத்திருக்கிறோம், மகள் லீவு போட்டிருக்கிறாள், எங்களை என்ன நினைத்தீர்கள், நீயெல்லாம் ஒரு தரகனா... பத்து நிமிஷத்துக்குக் குறையவில்லை. பிரம்மநாயகம் குறுக்கே பேசாமல் கேட்டார். பம்பாய் ரோட்டில் இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவருக்கு வசவு கேட்பது சிரமமில்லை. ஆனால் அந்த மனிதர் கோபத்தில் நியாயம் இருந்தது. அது மட்டும் கொஞ்சம் குத்தியது.

தை மாதத்தில் கல்யாணம். செம்பூர் முருகன் கோயில் படிகள் அத்தனையும் சண்முகவடிவு மூச்சு வாங்க ஏறினாள். மேலே போய் நின்றதும், "இங்க ஒரு லிஃப்டு வைக்கக் கூடாதால?" என்று மகனைக் கேட்டாள். முதலில் சிரித்தது மருமகள்தான். யாரும் அவளை அடக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பிரம்மநாயகத்தின் பெயர் பரவியது. தாராவியிலிருந்தும் தாணேயிலிருந்தும் ஜாதகங்கள் வந்தன. கூடவே அந்தப் பின்சீட்டுக் கதையும் பரவியிருந்தது. அதனால் ஒரு கஷ்டம் வந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் போகும்போது அவருடைய டாக்சியில் வந்தார்கள். வழி முழுக்க ஊமையாக வந்தார்கள். திரும்பும்போது, "நீங்க போங்க தரகரய்யா, நாங்க பின்னால வாரோம்" என்று சொல்லிவிட்டு ஆப் வண்டியைக் கூப்பிட்டார்கள். மூன்று ஞாயிறு அவர் காலி வண்டியோடு தனியாகத் திரும்பினார்.

"இப்ப என்னளா செய்ய?" என்று முருகம்மாளிடம் கேட்டார்.

"ஒளிஞ்சு கேக்க ஒண்ணும் வேண்டாம். நேரா மொகத்தப் பாத்துக் கேளுங்க. கேட்டா சொல்லிட்டுப் போறாவ" என்றாள் அவள், நூல் வெட்டிக்கொண்டே.

கேட்டுப் பார்த்தார். சிலர் சொன்னார்கள், சிலர் மழுப்பினார்கள். மழுப்புகிறவர்களின் குரலிலேயே பாதி தெரிந்துவிட்டது. வார நாட்களில் டாக்சியும் ஞாயிற்றுக்கிழமை தரகுமாக அவர் வண்டி ஒருவிதமாக ஓடத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டாண்டில் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. கோபர்கைரனேக்காரர். எடுத்ததும் அன்று விட்ட இடத்திலிருந்து ஒரு இரண்டு நிமிஷம் திட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் நாலு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. நாலு பேரும் ஜாதகம் சரியில்லன்னுதான் சொல்லுதாங்க. நெசத்தச் சொன்ன ஆளு நீ ஒருத்தன்தான்யா. என் மகளுக்கு ஒரு பையன் பாரு."

"பொண்ணு என்ன எதிர்பாக்காவ, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் பிரம்மநாயகம்.

அந்த நேரம் முதுகில் பை மாட்டிய ஒரு இளைஞன் ஜன்னலில் குனிந்து, "பாய், தாணே ஆயேகா?" என்றான். தாணே வரைக்கும் நல்ல சவாரி. பிரம்மநாயகம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வராது என்று கையை ஆட்டினார். அவன் சலித்துக்கொண்டு, "எல்லாரும் இப்படித்தான்லே பண்ணுதானுவ" என்று தமிழில் தனக்குள் முனகியபடி நகர்ந்தான்.

பிரம்மநாயகம் தலையை வெளியே நீட்டினார். வயசு இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். கையில் மோதிரம் இல்லை. சட்டை துவைத்த சட்டை.

"அய்யா, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று போனில் சொல்லிவிட்டு, பின்கதவை எட்டித் திறந்தார். "தம்பி, ஏறும் ஏறும். தாணேயில எந்த ஏரியா? சொந்த ஊரு எது?"